கனநீர்: உடற்செல்களில் அதன் விளைவுகள்

குழந்தை அருந்தும் தாய்ப்பாலின் அளவை அறியும் ஆய்வில், தாய் 30 கிராம் கனநீர் பருகுமாறு கேட்கப்படுவதுண்டு. "அணு உலைக்குரிய நீரா?" என்று நீங்கள் அஞ்சுவது இயல்பே. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பயன்படுவதும் கனநீர்தான். ஆயினும் கனநீர் தன்னளவில் கதிரியக்கம் உடையதன்று. உலையில் பயன்பட்ட நீரில் கதிரியக்கமுள்ள டிரிடியம் சேர்ந்திருக்கும். ஆய்வுக்கு அந்நீர் தரப்படுவதில்லை.

கனநீரில் உள்ள ஹைட்ரஜன் இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியம் ஆகும். அன்றாடக் குடிநீரிலும் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுள் ஒன்று இவ்வகையினதே.

தீங்கு, அளவைப் பொறுத்தது. டியூட்டீரியத்தின் பிணைப்பு வலியது. ஆதலால், மிகுதியாகச் சேர்ந்தால் செல்லினுள் வேதிவினைகள் மந்தமாகின்றன. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகளும் சரிவர இயங்குவதில்லை. எனவே ஓயாது பிரியும் எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்படலமும் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. எலிகளின் உடல்நீரில் கால்பங்கு கனநீரானபோது மலட்டுத்தன்மையும், பாதியளவை நெருங்கியபோது இறப்பும் நேர்ந்தன.

ஆய்வில் தரப்படும் 30 கிராமோ, தாயின் உடல்நீரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. அது சிறுநீர், வியர்வை வழியாகச் சில வாரங்களில் பெரும்பாலும் வெளியேறிவிடும். பாலின் வழியே குழந்தையை அடைவது இதனினும் சிறிது.

புற்றுநோய்ச் செல்களையும் கனநீர் தடுக்கும் என்று யாரேனும் கூறினால், நடைபெறும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். அச்செல்களைத் தடுக்கும் அளவு, நோயாளியின் எலும்பு மஜ்ஜையையும் விட்டுவைக்காது.

ஆய்வில் சேர விருப்பமில்லையெனில் தயங்காமல் மறுக்கலாம். அதனால் உங்களுக்கோ குழந்தைக்கோ உரிய மருத்துவம் மறுக்கப்படலாகாது.