சங்கத்திற்கு வரும் புதிய வாய்க்கால்

கீழணையினின்று வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் வருவதை லால்பேட்டை அங்கத்தினர் யாவரும் அறிவர். வழியில் கரை உடைந்தால் கடைமடை காயும். கடன் சங்கங்களை இணைக்கும் கணினி வலையமைப்புக்கும் இவ்விதியே பொருந்தும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று அங்கீகரித்தது. அப்போதைய மதிப்பீடு, 63,000 சங்கங்களுக்கு ரூ. 2,516 கோடி. நாடு முழுவதற்கும் பொதுவான மென்பொருளில் சங்கத்தின் கணக்கு ஏறி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியுடனும் மாநிலத் தலைமை வங்கியுடனும் இணைவதே இதன் நோக்கமாகும்.

இதன் பயன் வலையமைப்பின் அமைப்பைப் பொறுத்தது. ஒரே கம்பியை நம்பினால், அது அறுந்த அன்று கடன் பட்டுவாடா நின்றுவிடும். வளையமாக அமைத்தாலோ, ஒருபுறம் அறுந்தாலும் செய்தி மறுபுறமாகச் சென்று சேரும். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் நம் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்ததை மறத்தல் ஆகாது. ஆகவே இரண்டாம் வழி, மின்கலச் சேமிப்பு, வெளியூரில் கணக்கின் நகல் ஆகிய மூன்றும் அவசியம்.

கம்பி சரியாயினும் பதிவு தவறானால் பயனில்லை. பழைய பேரேடு கணினியில் ஏறும்போது ஒரு சுழி மிகுந்தால், வாங்காத கடன் நிலுவையாக நிற்கும். எனவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பாஸ் புத்தகத்துடன் சங்கம் சென்று, கடன் பாக்கி, பங்குத் தொகை, சர்வே எண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொதுக்குழுவில், "இணைப்பு அறுந்தால் மாற்று வழி யாது?" என்று வினவ வேண்டும். வாய்க்காலைக் காப்பது பாசனக்காரர் கடமையன்றோ!