ஒரு வருட வேலைக்கும் பணிக்கொடை உண்டு!

கும்மிடிப்பூண்டி ரயிலை விட்டு இறங்கி சிப்காட்டுக்குப் போகிறவர்களில் பலருக்கு வேலை நிரந்தரம் இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று காலம் குறித்து வேலை. காலம் முடிந்தால், வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதானா?

இல்லை!

1972-ம் ஆண்டு சட்டப்படி, 5 வருடம் தொடர்ந்து உழைத்தவருக்குத்தான் 'கிராஜுவிட்டி' என்ற பணிக்கொடை. 2025 நவம்பர் 21-ந்தேதி புதிய தொழிலாளர் சட்டங்கள் நான்கு அமலுக்கு வந்தன. பழைய சட்டங்கள் 29 அவற்றுக்குள் அடங்கிவிட்டன. இப்போது, காலம் குறித்து வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடம் போதும். நிரந்தரத் தொழிலாளிக்கு அதே 5 வருடம்தான்.

எவ்வளவு கிடைக்கும்? அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டுங்கள். 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்குங்கள். 13 ஆயிரம் ரூபாய் என்றால், வருடத்துக்கு 7,500 ரூபாய்! பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகுமே! வேலை முடிந்து 30 நாளில் முதலாளி கொடுக்க வேண்டும். தவறினால் வட்டியும் சேரும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 'காண்டிராக்ட்' என்று வாயால் சொன்னால் போதாது. காலம் குறித்த வேலை என்பதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கையெழுத்துப் போட்டது கம்பெனியா, ஆள் அனுப்பிய காண்டிராக்டரா? தேதி என்ன? வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் புதிய சட்டமே. கேட்டு வாங்குங்கள். அரிசிப் பானைக்குள்ளாவது பத்திரமாக வையுங்கள்!

பக்கத்து மெஷினில் நிற்கும் பீகார்த் தம்பிக்கும் இதே உரிமைதான். அவரிடமும் சொல்லுங்கள்.