ஓடும் வீரரும் ஓடாத பிம்பமும்

லண்டனின் ட்விக்கன்ஹாம் பகுதியில் ஒரு ரக்பி அரங்கம் இருக்கிறது. சுமார் 82,000 பேர் அமரலாம். நவம்பர் மாதத்தில் அங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், விளக்கொளியில்தான் ஆட்டம். பந்தை மார்போடு அணைத்தபடி ஒரு வீரர் பாய்கிறார். மேடையிலிருந்து நீங்கள் ஃபிளாஷைப் போட்டுப் படம் எடுக்கிறீர்கள். பிறகு பார்த்தால், முன்வரிசைக்காரரின் பிடரி பளிச்சென்று விழுந்திருக்கிறது. வீரரோ வெறும் வண்ணத் தீற்றல்! ஏன்?

முதலில் ஃபிளாஷ். ஒளிச்செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருப்பீர்கள். 5 மீட்டரில் போதுமான ஒளி, 60 மீட்டரில் 144-ல் ஒரு பங்காகிவிடும். ஆகவே அதை அணைத்துவிடுங்கள். முன்வரிசைக்காரருக்கும் நிம்மதி.

அடுத்து, தீற்றல். 60 மீட்டர் தொலைவில், வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஒருவர் உங்களுக்குக் குறுக்காக ஓடுகிறார் என்று கொள்வோம். லென்ஸின் குவியத்தூரம் 300 மி.மீ. என்றால், காமிராவுக்குள் விழும் பிம்பம் உண்மையில் 200-ல் ஒரு பங்கு. 1.8 மீட்டர் உயர வீரர் 9 மி.மீ. ஆகிறார். அவர் வேகமும் அதே விகிதத்தில் சுருங்கி, பிம்பம் வினாடிக்கு 40 மி.மீ. நகர்கிறது. ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால் பிம்பம் ஏறக்குறைய 0.7 மி.மீ. இழுபடும். 9 மி.மீ. மனிதரில் இது முகத்தையே அழித்துவிடும். 1/1000 வினாடியில் இழுபடுவது 0.04 மி.மீ. மட்டுமே; கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் இதற்கு விலை உண்டு. உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ 16-ல் ஒரு பங்காகிறது. பெரிய துளையுள்ள லென்ஸ் வேண்டும். இல்லையேல் ஒளியுணர்திறனை 100-லிருந்து 1600-க்கு உயர்த்தவேண்டும். படச்சுருளானாலும் மின்னணு உணரியானாலும் அப்போது படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும்.

விலையுயர்ந்த லென்ஸ் இல்லாதவர் என்ன செய்வது? இடத்தை மாற்றலாம். கோல் கம்பங்களுக்குப் பின்னால் உள்ள மேடையில் அமர்ந்தால், வீரர் உங்களை நோக்கியே வருவார். அதே தூரத்தில், 1/250 வினாடியில் அவர் 3.2 செ.மீ. முன்னேறினாலும் பிம்பம் 0.005 மி.மீ. அளவே வளரும். (வீசியாடும் கைகால்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை கொஞ்சம் மங்கட்டும். ஓட்டம் ஓட்டமாகத் தெரியும்.)

இன்னொரு வழி, தருணத்தைத் தேர்ந்தெடுப்பது. பந்து பக்கக்கோட்டைத் தாண்டிவிட்டால் 'லைன்-அவுட்' நடக்கும். இரு அணியினரும் இரு வரிசையாக நிற்க, நடுவே பந்தை எறிவார்கள். அதைப் பிடிக்கக் குதிப்பவரைத் தோழர்கள் இருபுறமும் தாங்கி உயர்த்துவார்கள். மேலே எறிந்த கல்லைப்போல, உச்சியில் அவருடைய செங்குத்து வேகமும் பூச்சியம். அந்தக் கணத்துக்கு 1/250 வினாடியே தாராளம்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கண் கண்டபின் விரல் அழுத்தச் சுமார் 1/5 வினாடி பிடிக்கிறது. உச்சியைக் கண்டபின் அழுத்தினால் இறங்குபவரைத்தான் பிடிப்பீர்கள். அதனால் பந்து எறிபவரின் கையைவிட்டுக் கிளம்பியதுமே ஆயத்தமாகி, வீரர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்திவிடுங்கள்.