காப்பீட்டு அட்டையில் தாத்தா, பாட்டி பெயர் இருக்கிறதா?

சித்தேரி மலையில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி வந்தால், முதலில் வழியைத்தான் யோசிக்க வேண்டும். கலசப்பாடி, அரசநத்தம் பக்கத்து மக்கள் நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கி நடந்த காலம் ரொம்பப் பழையதல்ல. மலை இறங்கி அரூர் வந்து, அங்கிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்னும் சுமார் 40 கிலோமீட்டர். பெரிய அறுவை சிகிச்சை என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி: "காப்பீட்டு அட்டை இருக்கா?"

"பையன் கார்டுல இருக்கும்ங்க" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். பையன் திருப்பூரிலோ கேரளாவிலோ வேலையில் இருப்பார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வேர் 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2018-ல் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் அரசே கட்டிவிடும். 60 வயதானாலும் 80 வயதானாலும் தடை இல்லை. ஏற்கெனவே சர்க்கரை, இதய நோய் இருந்தாலும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். தனியார் பாலிசியில் வயதானவர்களுக்கு இந்தச் சலுகை சுலபத்தில் கிடைக்காது.

சிக்கல் ரேஷன் கார்டில் வருகிறது. இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர். பெற்றோர் பெயர் அதே ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். மகனுக்குக் கல்யாணமாகித் தனிக் கார்டு வாங்கும்போது அப்பா, அம்மா எந்தக் கார்டில் இருக்கிறார்கள் என்று பலரும் பார்ப்பதில்லை. வயதானவர்கள் தனியாக இருந்தால் தங்கள் ரேஷன் கார்டை வைத்தே விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சித்தேரியிலிருந்து அது ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலியும் போகும். ஆனாலும் உடம்பு நன்றாக இருக்கும்போதே போய் வருவது நல்லது. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு சான்றிதழுக்கு அலைவது கொடுமை.

70 வயது தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டையை அறிவித்தது. இதற்கு வருமான வரம்பே கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியரும் வாங்கலாம், விவசாயக் கூலியும் வாங்கலாம். ஏற்கெனவே ஆயுஷ்மான் திட்டத்தில் இருக்கும் குடும்பம் என்றால், வீட்டின் 70 வயது கடந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 5 லட்சம். தாத்தாவும் பாட்டியும் இருந்தால் ஆளுக்கு 5 லட்சம் அல்ல, இருவருக்கும் சேர்த்துத்தான். வயதுக்கு ஆதார்தான் கணக்கு. பிறந்த தேதி தெரியாமல் குத்துமதிப்பாகப் பதிந்த பாட்டிக்கு நிஜத்தில் 73 இருக்கலாம். ஆதாரில் 66 என்றால் 66தான். அதை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் அட்டை செல்லும். வேறு இடத்தில் பணம் கட்டிவிட்டு, பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. அட்மிட் ஆகும்போதே அட்டையைக் காட்டிவிட வேண்டும்.

தினமும் போடும் பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு இந்த அட்டைகள் உதவாது. அதற்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

மாநிலத் திட்டம் பற்றிக் கேட்க 1800 425 3993, ஆயுஷ்மான் அட்டைக்கு 14555. இரண்டும் இலவச எண்கள். மலையில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அழைத்துப் பாருங்கள். பேசும்போது ரேஷன் கார்டு கையில் இருக்கட்டும்.