இரவுக் கடமையில் நிற்கும் வைத்தியர்

கண்ணுக்கொரு நிபுணர், காதுக்கொரு நிபுணர், இதயத்துக்கொரு நிபுணர் என்று தேடிச் செல்லும் நாம், மூச்சுத் திணறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசினர் வைத்தியசாலைக்கு ஓடும் வேளையில், அங்கே நிற்பவர் எதிலே பயின்றவர் என்று கேட்பதில்லை. கேட்பதற்கு அது நேரமுமன்று.

அவர் பயின்ற வழி இதுவாகும். ஐந்தாண்டு மருத்துவக் கல்வி. பட்டம் பெற்றபின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அவ்வோராண்டும் இரு கூறாக்கப்படும். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேற்று மருத்துவம் போன்ற துறைகளுள் இரண்டில், ஒவ்வொன்றிலும் ஆறு மாதம் பணியாற்றவேண்டும். சத்திரசிகிச்சையிலும் மகப்பேற்றிலும் பயின்ற ஒருவர், பின்னர் கிராமத்து வைத்தியசாலை ஒன்றில் இரவுக் கடமைக்கு நிற்க நேரலாம். வலிப்புக் கண்ட கைக்குழந்தையும் அவரிடமே வரும். மாரடைப்புக் கண்ட முதியவரும் அவரிடமே வருவார். மாணவராயிருந்தபோது கற்றது துணை செய்யும் என்பது உண்மையே. ஆயினும் பார்த்துக் கற்பது வேறு, பொறுப்பேற்றுச் செய்வது வேறு அன்றோ?

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். வயலிலே கடியுண்டவர் வருகிறார். கடித்தது எதுவென்று அறியார். வைத்தியர் சிறிது இரத்தத்தைத் துப்புரவான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பின் சரித்துப் பார்ப்பார். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு வேலை செய்கிறது என்று கருதுவார். ஆனால் எந்த விரியன்? நாம் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் நஞ்சுமுறி மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கண்ணாடி விரியன் முதலியவற்றின் நஞ்சுக்கு எதிரானது. இலங்கையில் மிகுதியாகக் கடிக்கும், மூக்கு மேல்நோக்கிய குட்டை விரியனின் நஞ்சை அது முறிக்காது. அதன் கடியாலும் சிலவேளை இரத்தம் உறையாது போகும். மேலும், அம்மருந்தே கடும் ஒவ்வாமையை எழுப்பி இரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடவும் கூடும். ஏற்றுவதா, விடுவதா என்பதை, அட்ரினலீனை அருகில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, இளைஞர் ஒருவர் தனித்தே துணியவேண்டியிருக்கிறது. வெளியிலோ, ஊசி போடத் தாமதமேன் என்று உறவினர் குரலெழுப்பிக்கொண்டிருப்பர்!

இத்தகைய துணிவைப் புத்தகம் தருவதில்லை. முதிர்ந்த தாதி ஒருவர் அருகில் நின்று, "டொக்டர், இவருடைய மூச்சைப் பாருங்கள்" என்று மெல்லச் சொல்லும் சொல், விரிவுரை பலவற்றுக்கு ஈடாகும். பட்டியலில் இடம்பெறாத ஆசிரியர் அவர்.

அவசர மருத்துவம் உலகிலேயே இளைய துறைதான். அமெரிக்காவில் 1979இலேயே தனித்துறையாக ஏற்கப்பட்டது. நம் நாட்டில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இத்துறைக்கென எம்.டி. பயிற்சியைத் தொடங்கியது 2010ஆம் ஆண்டுக்குப் பின்னரே. வந்த ஒழுங்கிலன்றி ஆபத்தின் ஒழுங்கில் நோயாளரைப் பார்ப்பதும், ஒரே நேரத்தில் பலரை ஏற்பதும் இங்கே முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் இவ்வாறு பயின்ற நிபுணர் பெரிய வைத்தியசாலைகளிலேயே பெரும்பாலும் பணியாற்றுகின்றனர். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் கடல் கடந்ததும் நாம் அறிந்ததே.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச நோயாளர் வண்டி, 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. வண்டி விரைந்துதான் வருகிறது. அது போய் நிற்கும் வாயிலில் யார் நிற்கிறார், எத்தனை மாதம் எதிலே பயின்றார் என்பதை, மருத்துவபீட அனுமதிக்காகப் பிள்ளைகளை இரவு பகலாகப் படிக்கவைக்கும் பெற்றோராவது இனிக் கேட்கலாம்.