மடிகணினி ஊமையானால் பதுளைக்கு ஓட வேண்டுமா?

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மடிகணினியின் சத்தம் திடீரென நின்றுபோனால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "யார் டவுனுக்குக் கொண்டுபோவது?" என்பதுதான். டிவிஷனிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடை. அங்கிருந்து பசறை வழியாக வளைந்து வளைந்து பஸ். பதுளையில் கடைக்காரர் "வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் இன்னொரு பயணம். கொழுந்தெடுக்கும் அம்மாவே கொண்டுபோனால் அன்றைக்குப் பேர் விழாது. 2021 மார்ச்சில் 1,000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று இழுபறிப்பட்டு ஏறிய நாட்சம்பளம், பஸ் டிக்கெட் எடுக்கும் முன்பே போய்விடுகிறது.

இத்தனை பாடுபட்டுக் கொண்டுபோகும் மடிகணினியில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். மடிகணினிக்குள் வலம் ஒன்று, இடம் ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஸ்பீக்கர் கெட்டுப்போகும்போது முதலில் கரகரக்கும், ஒரு பக்கம் குறையும். நேற்று இரவு வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த இரண்டும் விடிவதற்குள் ஒன்றாகச் செத்துப்போவது அபூர்வம். சத்தம் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது அதை வெளியே அனுப்பும் மென்பொருள் மக்கர் பண்ணுகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இரண்டையும்தான்.

மென்பொருள் செய்த குழப்பத்துக்கு உலகறிந்த சாட்சிகள் உண்டு. 2018 ஒக்டோபரில் விண்டோஸ் 10 பாவித்த பலருடைய கணினிகள் ஒரே சமயத்தில் ஊமையாகின. இன்டெல் நிறுவனத்தின் ஓடியோ டிரைவர் ஒன்று, போகக்கூடாத கணினிகளுக்கெல்லாம் அப்டேட் வழியாகத் தவறுதலாகப் போய்விட்டதாக மைக்ரோசொப்ட்டே ஒப்புக்கொண்டு, அதைக் கழற்ற இன்னொரு அப்டேட் விட்டது. 2024 டிசெம்பரில் டிராக் என்ற ஒலி மென்பொருள் உள்ள சில கணினிகளில், விண்டோஸ் 11இன் புதிய பதிப்பு ஏறியதும் உள் ஸ்பீக்கரும் புளூடூத்தும் சேர்ந்து அடங்கின. அந்தக் கணினிகளுக்குப் புதிய பதிப்பையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே வந்த அப்டேட்டில் யூஎஸ்பி ஓடியோக் கருவிகள் சில அடிவாங்கின. அமெரிக்காவில் அழுத்திய பொத்தானுக்கு நமுனுகுலை மலையடிவாரத்து லயத்தில் சத்தம் நின்றால், குற்றம் மடிகணினியினதும் அல்ல, "எதையோ நோண்டியிருக்கிறான்" என்று ஏச்சு வாங்கும் பிள்ளையினதும் அல்ல.

முதலில் செய்ய வேண்டியது ரீஸ்டார்ட். "ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தாச்சு" என்று பலரும் சொல்வார்கள். அது வேறு, இது வேறு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு எழும்புகிறது. குழம்பிப்போன டிரைவரும் அந்தக் குழப்பத்தோடேயே எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். ஒரு சல்லி செலவில்லாத இந்த வைத்தியத்தோடு முடிந்துபோகும் கேஸ்கள் நிறைய.

முடியாவிட்டால், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைப் பார்க்க வேண்டும். அதன்மேல் சிவப்புப் புள்ளடி விழுந்திருந்தால், கணினிக்கு ஒலிக் கருவியே தெரியவில்லை என்று அர்த்தம். அந்தக் கதை டிரைவருடையது. புள்ளடி இல்லை, பாட்டும் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லையென்றால் அநேகமாக வழி மாறியிருக்கிறது.

வழி மாறுவதற்குத் தோட்டப் பக்கத்தில் வாய்ப்பு அதிகம். பாடசாலையில் ஆசிரியை எச்டிஎம்ஐ வயரில் புரொஜெக்டரை மாட்டியதும் விண்டோஸ் படத்தோடு சத்தத்தையும் அதற்கே அனுப்பிவிடும். அந்தப் புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால், பிள்ளைகள் முன்னால் படம் மட்டும் வாயசைத்துக்கொண்டிருக்கும். லயத்தில் இன்னொரு வேடிக்கை. காம்பராவுக்குக் காம்பரா ஒற்றைச் சுவர்தான். திருவிழாவுக்கோ பிறந்தநாளுக்கோ ஒருதடவை சோடி சேர்த்த புளூடூத் ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டில் ஓன் பண்ணினால், மடிகணினி பழைய உறவை நினைத்துக்கொண்டு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இந்த வீட்டில் ஊமைப்படம், அந்த வீட்டில் கணிதப் பாடம்!

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக், சவுண்ட் செட்டிங்ஸ், அவுட்புட் பட்டியல். அதில் மடிகணினியின் சொந்த ஸ்பீக்கரைத் தெரிவு செய்தால் போதும். சூம் வகுப்பில் மட்டும் சத்தம் வராவிட்டால், சூமுக்குள்ளேயே தனியாக ஒரு ஸ்பீக்கர் பட்டியல் இருக்கிறது, அங்கேயும் பார்க்க வேண்டும். யூடியூப்பில் மட்டும் இல்லையென்றால் பிரவுசரின் அந்த டெப் மியூட் ஆகியிருக்கலாம்.

அடுத்து, பலரும் கவனிக்காத இயர்போன் ஓட்டை. 3.5 மில்லிமீற்றர் அகலமுள்ள அந்தக் குழிக்குள் மெல்லிய உலோக நாக்குகள் இருக்கின்றன. இயர்போன் முள் உள்ளே போனதும் அவற்றில் ஒன்று விலகி, "ஆள் வந்தாச்சு, ஸ்பீக்கரை நிறுத்து" என்று கணினிக்குச் சொல்லும். முள்ளை உருவியதும் நாக்கு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். தூசு அடைத்தாலோ, களிம்பேறினாலோ அது பாதியில் நின்றுவிடும். அப்புறம் கணினியைப் பொறுத்தவரை இயர்போன் இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் சுவர் வியர்க்கும் மாதங்களில், சன்னலோரம் வைத்த மடிகணினிக்கு இது வரக்கூடிய வியாதிதான். பழைய மெக்புக்காக இருந்தால் அந்த ஓட்டைக்குள் சிவப்பு வெளிச்சம் தெரியும். உள்ளே இருக்கும் ஒளிவழி டிஜிட்டல் இணைப்பு விழித்துக்கொண்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். இயர்போனைப் பத்துப் பதினைந்து தடவை மாட்டி மாட்டிக் கழற்றினால் நாக்கு பெரும்பாலும் விடுபடும். ஊசி, ஹேர்பின் எதையும் உள்ளே விடக்கூடாது. நாக்கு முறிந்தால் அப்போதுதான் உண்மையிலேயே கடைச் செலவு.

சிவப்புப் புள்ளடிக் கேஸுக்கு டிவைஸ் மனேஜரைத் திறக்க வேண்டும். சவுண்ட் என்று தொடங்கும் வரியில் ரியல்டெக், இன்டெல் என்று ஏதாவதொரு பெயர் இருக்கும். சத்தம் நின்றது அப்டேட் வந்த மறுநாள் என்றால், அதன் புரொப்பர்ட்டீஸில் ரோல் பெக் டிரைவர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கலாம். இல்லாவிட்டால் அன்இன்ஸ்டோல் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் தன் கைவசமுள்ள பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதுவும் சரிவராவிட்டால் மடிகணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்தில், சரியான மொடல் இலக்கம் கொடுத்து டிரைவரை இறக்க வேண்டும். சிலது சில நூறு எம்பி வரும். இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் அந்த நேரத்துக்கு ஒத்திவைப்பது புத்தி.

கொரோனாவில் பாடசாலைகள் மூடியிருந்த 2021இல், ஊவாவின் போஹிட்டியாவப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறையுச்சியில் உட்கார்ந்து படித்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அப்போது எல்லாரும் சிக்னலைப் பற்றித்தான் பேசினார்கள். இப்போது பதிவு செய்த உயர்தரப் பாடங்களைப் பென்டிரைவில் வாங்கிவந்து பார்க்கும் பிள்ளைக்கு சிக்னல் தேவையில்லை, சத்தம் தேவை. மாகாணத் தலைநகரில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கிருந்து யாராவது வந்து, தோட்டப் பாடசாலைகளின் தகவல் தொழில்நுட்பப் பாடவேளைகளில், டிவைஸ் மனேஜரைத் திறந்து பார்க்க ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் கடைக்குப் போகும் பயணங்களில் பாதி மிச்சமாகும்.

எல்லாம் செய்தும் பயனில்லையென்றால் விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே கணினியைச் சோதிக்கலாம். டெல்லில் எஃப்12 அழுத்தி டயக்னொஸ்டிக்ஸைத் தெரிவு செய்தால், எச்பியில் எஃப்2 அழுத்தினால் சோதனைப் பக்கம் வரும். அங்கே ஸ்பீக்கர் சத்தம் போட்டால் கருவி நலம், கோளாறு விண்டோஸில். அங்கேயும் ஊமை என்றால் போர்டிலோ வயரிலோ பழுது. பரீட்சை நெருங்கும் நேரத்தில் யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்றை வாங்கிச் செருகி இயர்போன் மாட்டினால், போர்டைத் தொடாமலே பாடம் கேட்கலாம்.

கடைக்குப் போவதாகவே முடிவானால், சத்தம் எப்போது நின்றது, அதற்கு முன் அப்டேட் வந்ததா, புள்ளடி இருக்கிறதா, இயர்போனில் கேட்கிறதா என்ற நான்கையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளையின் நோட்ஸையும் குடும்பப் படங்களையும் பென்டிரைவில் எடுத்து வைத்த பிறகு போங்கள். "போர்மட் பண்ணினாத்தான் சரிவரும்" என்று எடுத்த எடுப்பிலேயே ஒருவர் சொன்னால், மடிகணினியை வாங்கிக்கொண்டு அடுத்த கடையில் கேளுங்கள்.