காய்ச்சல் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்!

ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி எட்டரை மணி இருக்கும். பெருங்களத்தூரில் என் கிளினிக்கை மூடிக்கொண்டிருந்தேன். அரக்கப் பரக்க ஒரு தம்பதி வந்து நின்றார்கள். அப்பாவின் தோளில் ஆறு வயதுப் பையன். தலையில் முடி இல்லை. முகத்தில் மாஸ்க்.

"டாக்டர் சார், புள்ளைக்கு உடம்பு லேசா சுடுது. நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா? காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிக்கலாம்னு இருக்கோம்" என்றார் அம்மா.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். 101 டிகிரி. பையனுக்கு ரத்தப் புற்றுநோய். பத்து நாளைக்கு முன்புதான் கீமோ மருந்து ஏற்றியிருக்கிறார்கள்.

"காலை வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா. கஷாயமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். இந்த நிமிஷமே கிளம்புங்க. போகிற வழியிலேயே வார்டுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. 'சித்த வைத்தியர், அவரே கஷாயம் வேண்டாம் என்கிறாரே' என்று நினைத்திருப்பார்.

ஏன் சொன்னேன்? அதை உங்களுக்கும் விளக்க வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

எலும்புக்குள் ஒரு நாற்றங்கால்

நம் எலும்புகளுக்கு உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்தின் நாற்றங்கால். அங்கே மூன்று வகைப் பயிர் வளர்கிறது. உடம்புக்குப் பிராணவாயுவைச் சுமந்து போகும் சிவப்பணு ஒன்று. கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளையணு இரண்டாவது. அடிபட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு மூன்றாவது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோய்தான் அதிகம். அதிலும் நிணநீர் அணுக்களில் தோன்றும் தீவிர வகை, இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் அதிகமாகத் தலைகாட்டும். இந்த நோயில், முதிராத வெள்ளையணுக்கள் களை மாதிரி மண்டிவிடுகின்றன. நல்ல பயிருக்கு இடம் இல்லை. சிவப்பணு குறைவதால் குழந்தை வெளுத்துச் சோர்ந்து போகிறது. தட்டணு குறைவதால் அடிபடாமலேயே தோலில் நீலம் பாரிக்கிறது, ஈறில் ரத்தம் கசிகிறது. வேலை தெரிந்த வெள்ளையணு இல்லாததால் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து வந்த புதிதில், வெளுத்துப்போன ஒரு சிறுமியை என்னிடம் அழைத்து வந்தார்கள். பாண்டு நோய் என்று முடிவு கட்டி, அயச் செந்தூரமும் கரிசாலையும் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பத் தோன்றவில்லை. மூன்று வாரம் போய்விட்டது. பிறகு பரிசோதித்தபோது ரத்தப் புற்றுநோய். அதற்குள் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டிருந்தது. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து வெளுப்போடு காய்ச்சலோ, நீலத் தழும்போ, எலும்பு வலியோ சேர்ந்திருந்தால், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எழுதாமல் எந்தக் குழந்தைக்கும் நான் மருந்து கொடுப்பதில்லை.

மருந்தும் ஒரு காரணம்

"சரி டாக்டர், கீமோ ஆரம்பித்த பிறகு நோய் குறைந்துவிடுகிறதே, அப்புறம் ஏன் பயம்?" என்று கேட்பீர்கள்.

களைக்கொல்லி தெளித்தால் பயிரும் கொஞ்சம் வாடத்தானே செய்யும்? கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களை அழிக்கிறது. நல்ல வெள்ளையணுவும் அதில் சேர்த்தி. பெரும்பாலான மருந்துகளில், ஏற்றிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். அதே சமயம் வாயிலும் குடலிலும் உள்ள மெல்லிய சவ்வு புண்ணாகிறது. குடலில் சாதுவாகக் குடியிருந்த கிருமிகளே அந்தப் புண் வழியாக ரத்தத்தில் இறங்கிவிடும். வெளியிலிருந்துதான் கிருமி வர வேண்டும் என்பதில்லை!

வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் முன்னணிப் படை. 1966-ல் அமெரிக்காவில் ஜெரால்ட் போடி என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் ரத்தப் புற்றுநோயாளிகளை நாள்தோறும் கவனித்து ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இந்த அணு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1000-க்குக் கீழே போகும்போது தொற்று அதிகரிக்கிறது. 500-க்குக் கீழே ஆபத்து. 100-க்குக் கீழே பேராபத்து. இன்றும் உலகம் முழுக்க மருத்துவர்கள் பார்க்கும் எல்லை 500தான்.

கணக்கு சுலபம். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணு 1200, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்று இருந்தால், 1200-ல் 20 சதவீதம் 240. அதாவது குழந்தையின் படைபலம் 240தான்.

இன்னொரு சூட்சுமம். சீழ் என்பதே கிருமியோடு போராடிச் செத்த வெள்ளையணுக்கள்தான். போராட ஆளே இல்லையென்றால் சீழ் ஏது, வீக்கம் ஏது? நுரையீரலில் கிருமி இருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் மாத்திரை கொடுத்து மறைத்துவிட்டால் டாக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்குக் காய்ச்சலே வராமலும் தொற்று இருக்கும். பிள்ளை திடீரென்று துவண்டு போனாலோ, கை கால் சில்லிட்டாலோ, அதுவும் அவசரம்தான்.

1971-க்கு முன்பு, எந்தக் கிருமி என்று பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருந்தார்கள். முடிவு வருவதற்குள் பல உயிர்கள் போயின. அந்த ஆண்டில்தான், முடிவுக்குக் காத்திராமல் காய்ச்சல் வந்தவுடனே ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கினால் பலரைக் காப்பாற்றலாம் என்ற ஆய்வு வெளிவந்தது. இன்று ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும் என்பது குறிக்கோள். கடிகாரத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடையாறில் நடந்த கதை

நம் ஊர் ரயிலில் கிண்டியில் இறங்கினால் அடையாறு பக்கம்தான். அங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பிக்கப்பட்டது புற்றுநோய் மருத்துவமனை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

1970களில் நம் நாட்டில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. 1980களின் நடுவில் அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு சேர்ந்து, எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு ஆண்டு கடந்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 45 முதல் 60 பேர் வரை! ஆனால் நோயால் அல்லாமல், சிகிச்சையின்போது வந்த தொற்று போன்ற சிக்கல்களால் இறந்தவர்களும் இருந்தார்கள். அந்தச் சாவுகளைக் குறைக்கக் குறைக்கத்தான் பிழைப்பவர்கள் கூடினார்கள். வசதியான நாடுகளில் இன்று இந்த நோயில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். தொற்றைத் தடுப்பதும், ரத்தமும் தட்டணுவும் ஏற்றுவதும் அந்த வெற்றியில் பெரும் பங்கு.

நித்தியகல்யாணி சொல்லும் பாடம்

"உங்க வைத்தியத்தில் மருந்தே இல்லையா?" என்று கேட்காதவர் இல்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். 1950களில் கனடாவில் இதன் சாறு சர்க்கரை நோயைக் குறைக்குமா என்று எலிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. காரணம், வெள்ளையணு சரிந்துவிட்டது! அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அந்தச் செடியிலிருந்து புற்றுநோய் மருந்துகளை எடுத்தார்கள். அவற்றில் வின்கிரிஸ்டின் இன்றும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. டன் கணக்கான இலையிலிருந்து சில கிராம்தான் கிடைக்கும். அதனால் இலையை அரைத்துக் கொடுத்தால் மருந்து ஆகாது. மண்ணோடு வந்த கிருமியும் பூஞ்சையும்தான் உள்ளே போகும். கீமோ மருந்தையும் கஷாயத்தையும் ஒரே ஈரல்தான் பக்குவம் செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சிகிச்சை நடக்கும்போது செந்தூரம், பற்பம், லேகியம் எதுவும் அந்த டாக்டருக்குத் தெரியாமல் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். வாயிலோ கக்கத்திலோ மட்டும் வையுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர், எனிமா இரண்டும் கூடாது.

* 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே வார்டுக்கு போன் செய்து கிளம்புங்கள். ராத்திரி, மழை, அமாவாசை எதுவும் காரணம் ஆகக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் வேண்டாம். ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் கூடவே கூடாது.

* கடைசி ரத்த ரிப்போர்ட், கீமோ நோட்டு, ஒரு செட் துணி, கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் ஒரு பையில் தயாராக வையுங்கள்.

* குழந்தையைத் தொடும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாயைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். மென்மையான பிரஷ் போதும்.

* கொதித்து ஆறிய தண்ணீர், அப்போது சமைத்த சூடான சாப்பாடு. வெளியில் வெட்டி வைத்த பழம், கரும்புச் சாறு, பச்சைச் சட்னி வேண்டாம்.

* நம் பகுதியில் தெருவுக்குத் தெரு வீடு கட்டுகிறார்கள். இடித்த சுவர்த் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கும். அந்தப் பக்கம் அழைத்துப் போகாதீர்கள்.

* அம்மை, தட்டம்மை வந்த வீட்டாரோடு பழகியது தெரிந்தால் கொப்புளம் வரும் வரை காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி விஷயத்தில், வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குப் போடுவதையும் அவரைக் கேட்டே செய்யுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ராத்திரி பத்தரைக்கு முதல் ஊசி போட்டார்களாம். அன்று அவனுடைய நியூட்ரோஃபில் எண்ணிக்கை 90. பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தான். பொங்கலுக்கு அம்மாவோடு வந்து எனக்கு ஒரு கரும்புத் துண்டு கொடுத்தான். தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. சிகிச்சை இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி.

"அன்னிக்கு நீங்க கஷாயம் கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும் சார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் பதில் சொல்லவில்லை. பையனின் கையைக் கழுவச் சொல்லிவிட்டு உட்கார வைத்தேன்.